இரண்டு சர்வர், பிராக்ஸ்மாக்ஸ்: கேஷ், ஸ்டோரேஜ் அடுக்கு, பேக்கப் எப்படிப் பிரிப்பது?

பம்ப்செட்_அட்மின்:

வணக்கம். கோவையில் பம்ப் உதிரிபாகம் செய்யும் ஒரு பிரைவேட் லிமிடெட் கம்பெனியில் ஐடி பார்க்கிறேன். ஐடி என்றால் நான் ஒருத்தன்தான், பிரிண்டரில் பேப்பர் சிக்கினாலும் என்னைத்தான் கூப்பிடுவார்கள். இதுவரை மூன்று பழைய டவர் சர்வர்கள் தனித்தனியாக ஓடிக்கொண்டிருந்தன, இப்போது இரண்டு புது ரேக் சர்வர் வந்திருக்கிறது. ஒவ்வொன்றிலும் 16 கோர், 128 ஜிபி ரேம், எட்டு டிஸ்க் போட இடம், இரண்டு போர்ட் உள்ள 10ஜி கார்டு. கையில் இருக்கும் டிஸ்க்: 4 டிபி சாட்டா ஹார்ட் டிஸ்க் எட்டு, டெஸ்க்டாப் ரக 1 டிபி என்விஎம்இ (வேகமான எஸ்எஸ்டி) நான்கு.

ஓட வேண்டிய விஎம்கள் (ஒரே சர்வருக்குள் தனித்தனிக் கம்ப்யூட்டர் மாதிரி ஓடுபவை): எல்லோருடைய லாகினையும் பார்க்கும் விண்டோஸ் டொமைன் கன்ட்ரோலர் ஒன்று. ஈஆர்பிக்கு (கம்பெனி நிர்வாக சாஃப்ட்வேர்) எஸ்கியூஎல் சர்வர், டேட்டாபேஸ் இப்போது 180 ஜிபி. டேலி, ரிமோட் டெஸ்க்டாப்பில் ஒரே நேரத்தில் 20 பேர் வரை. ஃபைல் சர்வர் 5 டிபி, பெரும்பாலும் கம்ப்யூட்டரில் வரைந்த கேட் டிராயிங்குகள், 2009-லிருந்து யாரும் எதையும் அழித்ததில்லை. வருகைப் பதிவு மெஷினுக்கு ஒரு சின்ன லினக்ஸ். அப்புறம் இப்போது தனிப் பெட்டியில் ஓடும் சிசிடிவி ரெக்கார்டிங், 16 கேமரா, 30 நாள் வைக்க வேண்டும், அதையும் உள்ளே கொண்டுவந்துவிடலாமே என்று மேலிடத்தில் ஆசை.

நான் போட்டிருக்கும் திட்டம் இது. இரண்டிலும் விஎம்களை ஓட்ட பிராக்ஸ்மாக்ஸ், டிஸ்க்குகளை நிர்வகிக்க இசட்எஃப்எஸ் ஃபைல் சிஸ்டம். ஒவ்வொரு சர்வரிலும் நான்கு ஹார்ட் டிஸ்க்கை ரெய்டு-இசட்1 ஆக (ஒன்று செத்தாலும் டேட்டா போகாதபடி) கட்டி, முன்னால் ஒரு என்விஎம்இ எல்2ஆர்க் (படிப்பதற்கான கேஷ்), இன்னொன்று ஸ்லாக் (எழுதுவதற்கான லாக்). அடிக்கடி தொடுவது தானாக என்விஎம்இ-க்கு ஏறிவிடும், தொடாதது கீழே டிஸ்க்கில் கிடக்கும். பேக்கப்புக்கு முதல் சர்வர் இரண்டாவதிலும், இரண்டாவது முதலாவதிலும் போட்டுக்கொள்ளும். இதற்கு மேல் 3 லட்சம் வரை கேட்டு வாங்க முடியும். எங்கே இடிக்கும் என்று சொல்லுங்கள்.


நொய்யல்:

தம்பி, சர்வர் இரண்டும் போதும், ரேமும் போதும். இடிப்பது அந்த இரண்டு என்விஎம்இ-யில்தான், ஏனென்றால் நீங்கள் எதிர்பார்க்கும் வேலையை இரண்டுமே செய்யாது.

இசட்எஃப்எஸ்ஸின் உண்மையான கேஷ் ரேமில் இருக்கும் ஆர்க். அதிலிருந்து வெளியே போகப்போகும் பிளாக்குகளின் நகலை எஸ்எஸ்டியில் எழுதி வைத்துக்கொள்வதுதான் எல்2ஆர்க். டேட்டா கீழே டிஸ்க்கிலேயே இருக்கிறது, எதுவும் மேலே ஏறுவதில்லை, ஆகவே இதை அடுக்கு என்று சொல்லவே முடியாது. படிக்க மட்டும் உதவும், எழுதுவதற்கு ஒன்றும் செய்யாது, அதன் அட்டவணையை வைத்துக்கொள்ளக் கொஞ்சம் ரேமையும் எடுத்துக்கொள்ளும். எல்2ஆர்க் வாங்கும் முன் ரேமை ஆர்க்குக்குத் திறந்துவிடுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் 8.1-லிருந்து இசட்எஃப்எஸ்ஸில் இன்ஸ்டால் செய்தால் ஆர்க்குக்கு ரேமில் 10 சதவீதம், அதிகபட்சம் 16 ஜிபி என்று கட்டுப்படுத்திவிடுகிறார்கள். உங்களுக்கு அது 13 ஜிபிக்கும் கீழே. விஎம்களுக்குப் போக மிச்சத்தைப் பார்த்து 24 அல்லது 32 ஜிபிக்கு ஏற்றுங்கள், பைசா செலவில்லை. ஆனால் ஒரு சர்வர் படுத்தால் எல்லா விஎம்மும் இன்னொன்றில் ஓட வேண்டும், அந்தக் கணக்கை மறக்காமல் ஏற்றுங்கள்.

ஸ்லாக் என்பது வருகிற எல்லா எழுத்தையும் வாங்கிக்கொள்ளும் ரைட் கேஷ் அல்ல. "எழுதி முடித்துவிட்டேன் என்று உறுதி சொன்னால்தான் நகருவேன்" என்று டேட்டாபேஸ் கேட்கும் சிங்க் ரைட்டுக்கு மட்டும் அது வேலை செய்யும், அதில் எழுதியதை மின்சாரம் போய் வந்த பிறகு தவிர யாரும் திரும்பப் படிப்பதுகூட இல்லை. டீஃபால்ட்டில் சுமார் 5 விநாடிக்கு ஒருமுறை இசட்எஃப்எஸ் ரேமிலிருந்து டிஸ்க்குக்கு இறக்கிவிடும். 10ஜி லைன் முழு வேகத்தில் கொட்டினாலும் விநாடிக்கு 1.25 ஜிபி, இரண்டு சுற்றுக்குச் சேர்த்து 13 ஜிபிக்குள். 1 டிபியில் மீதியெல்லாம் சும்மா கிடக்கும். அதைவிடப் பெரிய சிக்கல், டெஸ்க்டாப் ரக என்விஎம்இ-களில் மின்சாரம் போனால் தாங்கிப் பிடிக்கும் கெபாசிட்டர் பொதுவாக இருப்பதில்லை. அதனால் ஒவ்வொரு சிங்க் ரைட்டையும் ஃபிளாஷ் வரை கொண்டுபோய் எழுதிவிட்டுத்தான் பதில் சொல்ல முடியும், அட்டையில் போட்டிருக்கும் வேகத்தில் சின்னப் பங்குதான் கிடைக்கும்.

ரெய்டு-இசட்1-இல் 12 டிபி கிடைக்கும் என்று எண்ணியிருப்பீர்கள். விஎம் டிஸ்க்குகள் இசட்வால் (விஎம்முக்கு ஒரு டிஸ்க் மாதிரித் தெரியும் துண்டு) ஆக உட்காரும், 4கே செக்டரில் 8கே பிளாக் என்றால் டேட்டாவுக்கு 2 செக்டர், பாரிட்டிக்கு (டிஸ்க் செத்தால் மீட்க உதவும் தகவல்) 1, எண்ணிக்கையைச் சரிக்கட்ட வெறுமனே 1. பாதி போய்விட்டது, மிரர் (ஒரே டேட்டாவை இரண்டு டிஸ்க்கிலும் எழுதுவது) போட்டதற்குச் சமம். இப்போதைய டீஃபால்ட் 16கே, அதில் மூன்றில் இரண்டு பங்கு, அதாவது 10.6 டிபி சொச்சம். இடத்தைக்கூட விடுங்கள், ராண்டம் ஐஓபிஎஸ் (விநாடிக்கு எத்தனை முறை படிக்க, எழுத முடியும் என்பது) ஒரே டிஸ்க்குக்கு உண்டானதுதான் வரும், 7200 ஆர்பிஎம் டிஸ்க்கில் அது நூறு சொச்சம். காலை ஒன்பது மணிக்கு 20 பேர் ஒரே நேரத்தில் டேலி திறக்கும்போது அது எப்படி இருக்கும் என்று நீங்களே பாருங்கள்.

நான் செய்வதானால் இப்படி. டெஸ்க்டாப் என்விஎம்இ இரண்டையும் மிரராக்கி பிராக்ஸ்மாக்ஸை மட்டும் அதில் போடுவேன். சர்வருக்கு இரண்டு, மொத்தம் நான்கு, 1.92 டிபி என்டர்பிரைஸ் ரக சாட்டா எஸ்எஸ்டி வாங்குவேன், மின்வெட்டுப் பாதுகாப்பு இருப்பது ஸ்பெக் ஷீட்டில் தெளிவாக எழுதியிருக்க வேண்டும். அது மிரராக ஒரு பூல் (டிஸ்க்குகளைச் சேர்த்த ஒரே ஸ்டோரேஜ்): எல்லா விஎம்களின் ஓஎஸ் டிஸ்க், எஸ்கியூஎல், டேலி. நான்கு ஹார்ட் டிஸ்க்கும் இரண்டு மிரர் ஜோடியாக இன்னொரு பூல், 8 டிபி: ஃபைல் சர்வரின் டேட்டா டிஸ்க் மட்டும். ஸ்லாக்கும் கிடையாது, எல்2ஆர்க்கும் கிடையாது. எது எங்கே இருக்க வேண்டும் என்பதை உங்களைவிட நன்றாக எந்த அல்காரிதமும் சொல்லாது, இத்தனை சின்ன இடத்தில் அடுக்கு என்பது நீங்கள் கையால் பிரிப்பதுதான். நடப்பு ஆண்டு டிராயிங் ஃபோல்டர் மந்தமாக இருக்கிறதா, எஸ்எஸ்டி பூலில் 300 ஜிபிக்கு ஒரு டிஸ்க் கொடுத்து விண்டோஸுக்குள் அந்த ஃபோல்டரிலேயே மவுண்ட் செய்துவிடுங்கள், தேவை போனால் விஎம் ஓடும்போதே டிஸ்க்கை இன்னொரு பூலுக்கு மாற்றிக்கொள்ளலாம்.

சிசிடிவி வேண்டாம். கேமராவுக்கு 4 எம்பிபிஎஸ் என்றால் 16-க்கு 64, விநாடிக்கு 8 எம்பி, நாளுக்கு 690 ஜிபி, 30 நாளுக்கு 20 டிபியைத் தாண்டுகிறது. உங்கள் ஹார்ட் டிஸ்க் பூல் மொத்தமே 8. அந்தப் பெட்டி இருக்கும் இடத்திலேயே இருக்கட்டும்.


ராக்கோழி:

நொய்யல் அண்ணா சொன்ன ஸ்டோரேஜில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் கேள்வியில் பேக்கப்புக்கு ஒரே ஒரு வாக்கியம், அதுவும் ஒன்றுக்கொன்று போட்டுக்கொள்ளும் என்று. நான் இந்தப் பக்கத்திலிருந்துதான் தொடங்குவேன், மிச்சப் பணத்தை எஸ்எஸ்டிக்குக் கொடுப்பேன்.

இரண்டு சர்வரும் ஒரே ரேக், ஒரே யுபிஎஸ், ஒரே ரூட் பாஸ்வேர்டு, அநேகமாக ஒரே அறையில் ஒரே ஏசி. இதில் ஒன்றுக்கொன்று வைத்துக்கொள்வது ஹார்டுவேர் பழுதுக்குத் துணை, அவ்வளவுதான். பிராக்ஸ்மாக்ஸின் ரெப்ளிகேஷன் இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட்டை (டிஸ்க்கின் அந்த நொடி நிலையை) 15 நிமிடத்துக்கு ஒருமுறை பக்கத்து நோடுக்கு (சர்வருக்கு) அனுப்பும், வேண்டுமானால் 1 நிமிடம் வரை குறைக்கலாம். நல்ல விஷயம், கட்டாயம் போடுங்கள். ஆனால் ரான்சம்வேர் ஃபைல் சர்வரைப் பூட்டிவிட்டால் அடுத்த கால் மணி நேரத்தில் பக்கத்து நோடிலும் பூட்டியதுதான் இருக்கும், ஸ்டோர்ஸில் யாரோ ஒருவர் தப்பான டேபிளை அழித்தாலும் அதே கதை. ரெப்ளிகேஷன் பேக்கப் ஆகாது.

அதனால் மூன்றாவது பெட்டி ஒன்று வேண்டும், அதில் பிராக்ஸ்மாக்ஸ் பேக்கப் சர்வர். விஎம் டிஸ்க்கை 4 எம்பி துண்டுகளாக வெட்டி, ஏற்கனவே இருக்கும் துண்டைத் திரும்ப எழுதாது, முதல் முறைக்குப் பிறகு மாறியது மட்டும்தான் லைனில் போகும். ஒரு மணி நேரத்துக்கு ஒருமுறை எஸ்கியூஎல் விஎம்மை எடுத்தாலும் யாருக்கும் தெரியாது. இந்தப் பெட்டியை டொமைனில் சேர்க்காதீர்கள், பாஸ்வேர்டு தனி, ஃபயர்வாலில் தேவையான போர்ட் மட்டும். பிராக்ஸ்மாக்ஸ் பக்கம் கொடுக்கும் யூசருக்கு டேட்டாஸ்டோர்-பேக்கப் என்ற ரோல் மட்டும் கொடுங்கள், அந்த ரோலுக்குப் புதிதாக எழுதவும் தன்னுடையதை ரீஸ்டோர் செய்யவும் முடியும், பழையதை அழிக்க முடியாது. பழையதைக் கழிப்பது பேக்கப் சர்வருக்குள்ளேயே ஓடட்டும். சர்வர் முழுக்க எதிரி கையில் போனாலும் நேற்றைய நகல் மிஞ்சும்.

அடுத்தது வெளியிடம். 2021 மார்ச் 10-ஆம் தேதி ஸ்ட்ராஸ்பர்க்கில் ஓவிஹெச் டேட்டா சென்டர் எரிந்தபோது ஒரு கட்டடம் முழுதாகப் போனது, பேக்கப்பையும் அதே வளாகத்தில் வைத்திருந்த வாடிக்கையாளர்கள் இரண்டையும் இழந்தார்கள். அத்தனை பெரிய இடத்திலேயே அப்படி. உங்களுக்கு வேறு யூனிட், குடோன் ஏதாவது இருந்தால் அங்கே இரண்டாவது பேக்கப் சர்வர், அது இங்கிருந்து தானே இழுத்துக்கொள்ள வேண்டும். இங்கிருந்து அங்கே தள்ளும்படி வைத்தால் இங்கே புகுந்தவனுக்கு அங்கேயும் சாவி கிடைத்துவிடும். முதல் நகலைப் பெட்டியைப் பக்கத்தில் வைத்து எடுத்துவிட்டு அப்புறம் குடோனுக்குக் கொண்டுபோங்கள், 5 டிபியை 100 எம்பிபிஎஸ் லைனில் அனுப்பினால் லைன் முழுதாகக் கிடைத்தாலே நாலரை நாள்.

இன்னொன்று, பலரும் கவனிக்காதது. நீங்கள் பிரைவேட் லிமிடெட். கம்பெனிகள் கணக்கு விதிகளில் 2022-இல் வந்த திருத்தப்படி, எலக்ட்ரானிக் முறையில் வைத்திருக்கும் கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினசரி அடிப்படையில் இந்தியாவில் உள்ள சர்வரில் இருக்க வேண்டும். கணக்குகளை எட்டு நிதியாண்டுகள் வைத்திருக்க வேண்டும் என்பது கம்பெனிச் சட்டத்தின் 128-ஆம் பிரிவிலேயே இருக்கிறது. குடோன் என்றால் பிரச்சினை இல்லை, கிளவுட் என்றால் மும்பை, ஐதராபாத் மாதிரி இந்திய ரீஜனைத் தேர்ந்தெடுங்கள். அந்த எட்டு வருஷத்துக்கு விஎம் இமேஜை நம்பாதீர்கள், வருட முடிவில் டேலி டேட்டாவையும் எஸ்கியூஎல் பேக்கப் ஃபைலையும் தனியாக எடுத்து வையுங்கள். 2032-இல் இன்றைய விண்டோஸ் விஎம்மை பூட் செய்து பார்க்க யாரும் விரும்ப மாட்டார்கள்.

கடைசியாக ஒரு கேள்வி. எவ்வளவு நேரத்து வேலை போனால் திரும்பச் செய்ய முடியும் என்று அக்கவுண்ட்ஸிலும் ஸ்டோர்ஸிலும் தனித்தனியாகக் கேட்டீர்களா? பதில் தெரியாமல் ஷெட்யூல் போட்டால் அது குத்துமதிப்புதான்.


பழைய_ரெய்டு:

இங்கே எல்லோரும் இசட்எஃப்எஸ் பஜனை பாடுகிறீர்கள், நான் மறுபக்கம் சொல்கிறேன். ஐந்து விஎம்மில் நான்கு விண்டோஸ். விண்டோஸ் சர்வர் லைசென்ஸ் எப்படியும் வாங்கத்தான் வேண்டும், அதோடு விஎம் ஓட்டும் ஹைப்பர்-வி வந்துவிடுகிறது. ஹைப்பர்-வி ரெப்ளிகா 30 விநாடிக்கு ஒருமுறை அனுப்பும், ஷேர்டு ஸ்டோரேஜ் தேவையில்லை. பேட்டரியோ ஃபிளாஷோ காக்கும் ரைட் கேஷ் உள்ள ரெய்டு கார்டு ஒன்று போட்டால் ஹார்ட் டிஸ்க்கே சிங்க் ரைட்டுக்கு ஓடும் ஓட்டத்தைப் பார்க்க வேண்டும், எஸ்எஸ்டியும் வேண்டாம் கெபாசிட்டர் ஆராய்ச்சியும் வேண்டாம். தானாக அடுக்கு பிரிய வேண்டும் என்றால் ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்ட் இருக்கிறது, இரண்டு நோடிலேயே ஓடும், என்விஎம்இ-யை கேஷாக எடுத்துக்கொள்வதை அதுவே பார்த்துக்கொள்ளும்.

முக்கியமான விஷயம் இது. ஐடி ஒருத்தர்தான் என்கிறார். அவர் ஊருக்குப் போயிருக்கும் வாரம் டிஸ்க் செத்து பூல் டீகிரேடு ஆனால் யார் பார்ப்பது? விண்டோஸ் தெரிந்த ஆள் கோவையில் கூப்பிட்ட நேரத்துக்கு வருவார். இசட்எஃப்எஸ் தெரிந்த ஆளைத் தேடிப் பிடியுங்கள் பார்ப்போம்.


வடகரை:

ஸ்டோரேஜ் ஸ்பேசஸ் டைரக்டுக்கு விண்டோஸ் சர்வரின் டேட்டாசென்டர் எடிஷன் வேண்டும், இரண்டு சர்வருக்கும். 3 லட்சத்தில் அந்தப் பேச்சே எடுக்க முடியாது.

எது போட்டாலும் லைசென்ஸ் கணக்கைப் போட்டுக்கொள்ளுங்கள், பிராக்ஸ்மாக்ஸ் என்பதால் குறையாது. ஸ்டாண்டர்டு எடிஷன் ஒரு சர்வரின் எல்லா கோருக்கும் வாங்கினால் இரண்டு விண்டோஸ் விஎம். உங்களுக்கு நான்கு, ஆக அதே 16 கோருக்கு இரண்டு முறை. ஒன்று படுத்தால் நான்கும் இன்னொன்றில் ஓட வேண்டும் என்றால் அந்த சர்வருக்கும் இரண்டு முறை. ரிமோட் டெஸ்க்டாப் சிஏஎல் (பயன்படுத்துவோருக்கான லைசென்ஸ்) தனி. ஹார்டுவேருக்கு 3 லட்சம் என்று வாங்கி அதிலேயே இதையும் அடைக்கப் பார்க்காதீர்கள், தனி லைனாக எழுதி ஒப்புதல் வாங்குங்கள்.


பம்ப்செட்_அட்மின்:

எல்லோருக்கும் நன்றி. லைசென்ஸுக்குத் தனி ஒப்புதல் ஏற்கனவே வாங்கியாயிற்று, அதில் கவலையில்லை.

ராக்கோழி கேட்டதை இன்று இரண்டு இடத்திலும் கேட்டேன். அக்கவுண்ட்ஸில் அரை நாள் என்றால் சமாளிப்போம், வவுச்சர் பேப்பரில் இருக்கும் என்கிறார்கள். ஸ்டோர்ஸில் ஒரு மணி நேரம் போனாலே சண்டை, பார்கோடு ஸ்கேன் செய்து லாரி ஏற்றியதற்கு வேறு பதிவே கிடையாதாம். டிராயிங் பிரிவில் ஒரு நாள் பரவாயில்லை, ஆனால் அங்கே அடிக்கடி நடப்பது பழைய டிராயிங் மேல் புதியதை சேவ் செய்துவிட்டு முந்தைய வெர்ஷன் கேட்பதுதான்.

அரசூரில் குடோன் ஒன்று இருக்கிறது, இன்டர்நெட்டும் இருக்கிறது, கரண்ட் போகும் வரும். பேக்கப் சர்வரை இரண்டாவது நோடில் ஒரு விஎம்மாகப் போட்டால் ஆகாதா, பெட்டி செலவு மிச்சமாகும்? பழைய டவர் சர்வர் மூன்று சும்மா இருக்கப் போகிறது, இல்லாவிட்டால் அதில் இரண்டை எடுத்துக்கொள்ளலாமா? பழைய_ரெய்டு சார் சொன்ன ஆள் பிரச்சினை நியாயமானது, அதற்கும் யாராவது பதில் சொன்னால் நல்லது.


நொய்யல்:

விஎம்மாகப் போடாதீர்கள். அந்த நோடு போனால் அதில் ஓடிய விஎம்மும் போகும், அதை எடுக்க வேண்டிய பேக்கப்பும் போகும். பழைய டவர் தாராளமாகப் போதும், டிஸ்க் மட்டும் புதிது போடுங்கள். வாங்கும்போது சிஎம்ஆர் டிஸ்க்தானா என்று பாருங்கள், எஸ்எம்ஆர் (டிராக்குகளை ஒன்றன்மேல் ஒன்று படிய எழுதும் ரகம்) வேண்டாம், மிரரைத் திரும்பக் கட்டும்போது அது நாள்கணக்கில் இழுக்கும். 2020-இல் நாஸ் டிஸ்க் என்று விற்றவற்றிலேயே சில எஸ்எம்ஆர் என்று வெளியே வந்தது, அட்டையை நம்ப முடியாது, மாடல் எண்ணை வைத்துத் தேடுங்கள்.

ஸ்பெஷல் டிவைஸ் என்று ஒன்று இருக்கிறது, மேலே யாரும் சொல்லவில்லை. மெட்டாடேட்டாவை மட்டும் எஸ்எஸ்டியில் வைப்பது. உங்கள் மெயின் சர்வருக்குத் தேவையில்லை, ஆனால் ஹார்ட் டிஸ்க்கில் ஓடும் பேக்கப் சர்வருக்கு இதுதான் மருந்து. அங்கே லட்சக்கணக்கான துண்டு ஃபைல்கள் இருக்கும், தேவையற்ற துண்டுகளைக் கழிக்கும் கார்பேஜ் கலெக்‌ஷன் ஓடும்போது ஒவ்வொன்றையும் தொட்டுப் பார்க்கும், வெறும் ஹார்ட் டிஸ்க்கில் அது மணிக்கணக்கில் போகும். பழைய சர்வர்களில் இருக்கும் எஸ்எஸ்டி இரண்டு நல்ல நிலையில் இருந்தால் மிரராகப் போடுங்கள். கட்டாயம் மிரர், ஏனென்றால் எல்2ஆர்க் செத்தால் ஒன்றும் ஆகாது, ஸ்பெஷல் செத்தால் பூலே போய்விடும். முதலிலேயே போடுங்கள், பின்னால் சேர்த்தால் பழைய டேட்டாவின் மெட்டாடேட்டா தானாக நகராது.

பேக்கப் பெட்டி மெதுவாக இருந்தால் இன்னொரு தொல்லை வரும். பேக்கப் ஓடும் நேரத்தில் விஎம் ஒரு பிளாக்கை மாற்றி எழுத வந்தால், பழைய பிளாக் பேக்கப்புக்குப் போய்ச் சேரும் வரை அந்த எழுத்து காத்திருக்கும். டேலி ஏன் மதியம் தொங்குகிறது என்று உங்களைக் கேட்பார்கள். பிராக்ஸ்மாக்ஸ் 8.2-இல் ஃபிளீசிங் என்று ஒன்று வந்திருக்கிறது, அதை ஆன் செய்து எஸ்எஸ்டி பூலைக் கொடுத்தால் பழைய பிளாக் தற்காலிகமாக அங்கே இறங்கிக்கொள்ளும், விஎம் காத்திருக்க வேண்டாம்.

ரெப்ளிகேஷனுக்கு இரண்டு நோடிலும் பூல் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும், இன்ஸ்டால் செய்யும்போதே கவனியுங்கள். 10ஜி போர்ட்டில் ஒரு டிஏசி கேபிளை நேராக நோடுக்கு நோடு சொருகுங்கள், ஸ்விட்ச் வாங்க வேண்டாம். கிளஸ்டர் (இரண்டு நோடும் சேர்ந்த கூட்டு) பேச்சு மட்டும் சாதாரண 1ஜி லைனில் தனியாகப் போகட்டும். ஸ்டோர்ஸ் சொன்னதைப் பார்த்தால் எஸ்கியூஎல் விஎம்முக்கு 5 நிமிடம், மற்றதற்கு 15 போதும்.

இரண்டு நோடு கிளஸ்டரில் ஒன்று படுத்தால் மீதிக்குப் பெரும்பான்மை இல்லை, கான்ஃபிக் ரீட்-ஒன்லி ஆகிவிடும், ஒரு விஎம்மைக்கூடத் தொடங்க முடியாது. கியூடிவைஸ் என்று மூன்றாவது ஓட்டு ஒன்று வேண்டும். நிறைய பேர் அதை பேக்கப் சர்வரிலேயே போடச் சொல்வார்கள். அதை அமைக்கும்போது கிளஸ்டரிலிருந்து அந்தப் பெட்டிக்கு ரூட் எஸ்எஸ்ஹெச் (முழு அதிகாரத்தோடு வெளியிலிருந்து லாகின்) கேட்கும், ராக்கோழி அத்தனை கவனமாகச் சாத்திய கதவை நாமே திறந்ததாகிவிடும். ஒரு ராஸ்பெர்ரி பை போதும், யுபிஎஸ் லைனில் வையுங்கள்.

ஒரு நோடு படுத்தால் விஎம் இன்னொன்றுக்குத் தானாக மாறும் ஹெச்ஏ இப்போதைக்கு வேண்டாம் என்பேன். ரெப்ளிகேஷன் மேல் ஹெச்ஏ போட்டால் கடைசி 5 நிமிட டேட்டா இல்லாத விஎம் யாரும் கேட்காமலே எழுந்து ஓட ஆரம்பிக்கும், அந்த 5 நிமிடம் போனால் போகட்டுமா என்று முடிவெடுக்க வேண்டியது நீங்கள். கையால் மாற்றுவது பத்து நிமிட வேலை.

பழைய_ரெய்டு சொன்ன ரைட் கேஷ் உண்மைதான், எழுதும் வேகம் வரும். ஆனால் காலையில் டேலி திறப்பது படிப்பது, அதற்கு அது உதவாது. ஹைப்பர்-வி ரெப்ளிகாவையும் குறை சொல்ல மாட்டேன். ஆள் பிரச்சினைக்கு என்னிடம் ஒரே பதில்: இரண்டு பக்கம் எழுதி ரேக் கதவில் ஒட்டுங்கள், எந்த டிஸ்க் எந்த ஸ்லாட், அதன் சீரியல் எண், டிஸ்க் மாற்ற என்ன கமாண்ட், ஒரு நோடு படுத்தால் என்ன செய்வது, யாரைக் கூப்பிடுவது. வருகிற விண்டோஸ்காரர் அதைப் பார்த்து டிஸ்க் மாற்றிவிடுவார். அதற்குமேல் வேண்டும் என்றால் பிராக்ஸ்மாக்ஸில் சப்ஸ்கிரிப்ஷனோடு டிக்கெட் சப்போர்ட் வாங்கலாம்.


பழைய_ரெய்டு:

ரேக் கதவுத் தாள், சரி, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் அந்தத் தாளை வைத்து வேறொருவரை ஒருமுறை செய்யச் சொல்லிப் பாருங்கள், எழுதியவரே செய்தால் கணக்கில்லை.


கீழ்வானம்:

பேக்கப் எங்கே, எப்போது என்றெல்லாம் பேசியாயிற்று, திரும்ப எடுத்துப் பார்ப்பது பற்றி யாரும் வாய் திறக்கவில்லை.

புரோகிராமர்கள் கோட் வைத்துக்கொள்ளும் சேவையான கிட்லேப்பின் கதை தெரிந்திருக்கும். 2017 ஜனவரி 31, ரெப்ளிகேஷன் சிக்கலைச் சரி செய்யப்போன இன்ஜினியர் தப்பான சர்வரில், அதாவது பிரைமரியிலேயே, டேட்டாபேஸ் டைரக்டரியை அழித்துவிட்டார். பேக்கப்பைத் தேடினால் அமேசான் கிளவுட் ஸ்டோரேஜான எஸ்3-இல் ஒன்றும் இல்லை. டம்ப் எடுக்கும் புரோகிராம் போஸ்ட்கிரெஸ் 9.2, டேட்டாபேஸ் 9.6, வெர்ஷன் பொருந்தாமல் ஒவ்வொரு முறையும் தோற்றுக்கொண்டிருந்திருக்கிறது. தோற்றது என்று போன எச்சரிக்கை மெயில்களையும் டீமார்க் (அனுப்பியவர் யார் என்ற சரிபார்ப்பு) சரியில்லை என்று மெயில் சர்வர் திருப்பி அனுப்பிவிட்டது. கடைசியில் காப்பாற்றியது ஆறு மணி நேரத்துக்கு முன் வேறு வேலைக்காக ஒருவர் கையால் எடுத்த எல்விஎம் ஸ்னாப்ஷாட். இதையெல்லாம் மறைக்காமல் அவர்களே வெளியிட்டார்கள், அதற்கு ஒரு கும்பிடு.

பேக்கப் சர்வரில் வெரிஃபை ஜாப் இருக்கிறது, துண்டுகள் கெடாமல் இருக்கிறதா என்று பார்க்கும், வாரம் ஒருமுறை போடுங்கள். ஆனால் அது விஎம் எழுந்திருக்குமா என்று சொல்லாது. மாதம் ஒருமுறை எஸ்கியூஎல் விஎம்மை வேறு ஐடியில், நெட்வொர்க் கார்டைத் துண்டித்து ரீஸ்டோர் செய்து, பூட் ஆக்கி, ஈஆர்பியில் நேற்றைய கடைசி டெலிவரி சலான் இருக்கிறதா என்று கண்ணால் பாருங்கள். நெட்வொர்க்கைத் துண்டிக்க மறந்தால் ஒரே ஐபியில் இரண்டு சர்வர் நிற்கும், அது தனி வேடிக்கை. எவ்வளவு நேரம் ஆனது என்பதையும் அந்த ரேக் தாளிலேயே எழுதுங்கள், எம்டி எப்போது எழும் என்று கேட்டால் பதில் தயாராக இருக்கும்.

விண்டோஸ் விஎம்களில் கெஸ்ட் ஏஜென்ட் (பிராக்ஸ்மாக்ஸோடு பேசும் சின்ன புரோகிராம்) போட மறக்காதீர்கள், அது இருந்தால்தான் பேக்கப் எடுக்கும் நொடியில் ஃபைல் சிஸ்டம் உறைந்து நிற்கும். அது இருந்தாலும் எஸ்கியூஎல்லுக்கு அதன் சொந்த லாக் (மாற்றங்களின் பதிவு) பேக்கப்பை 15 நிமிடத்துக்கு ஒருமுறை வேறு இடத்துக்கு எடுங்கள். ஸ்டோர்ஸ் சண்டைக்கு அதுதான் பதில், யாராவது டேபிளை அழித்தால் அழித்த நிமிடத்துக்கு முன்னால் வரை கொண்டுவரலாம், மணிக்கொரு விஎம் பேக்கப்பில் அது நடக்காது. டிராயிங் ஆட்களுக்கு விண்டோஸிலேயே ஷேடோ காப்பி ஆன் செய்துவிடுங்கள், ரைட் கிளிக் செய்து முந்தைய வெர்ஷனை அவர்களே எடுத்துக்கொள்வார்கள். இசட்எஃப்எஸ் ஸ்னாப்ஷாட் விஎம்முக்கு வெளியே இருப்பது, அதை அவர்களால் பார்க்க முடியாது.


பம்ப்செட்_அட்மின்:

சரி, இப்படிப் போகிறேன். என்டர்பிரைஸ் எஸ்எஸ்டி நான்கு, பேக்கப்புக்கு 8 டிபி டிஸ்க் நான்கு, இரண்டு பழைய டவரில் ஒவ்வொரு மிரர். சிசிடிவி வெளியே, மேலிடத்தில் அந்த 20 டிபி கணக்கைக் காட்டியதும் பேச்சு அடங்கிவிட்டது. ராஸ்பெர்ரி பை ஒன்று, டிஏசி கேபிள் ஒன்று. யுபிஎஸ் பேட்டரி 20 நிமிடம் தாங்கும், பாதியில் விஎம்களை முதலிலும் நோடுகளைக் கடைசியிலும் அணைக்க நட் என்ற யுபிஎஸ் கண்காணிப்பு சாஃப்ட்வேரை அமைக்கப் போகிறேன். மிச்சப் பணம் இருந்தால் ஒரு எஸ்எஸ்டியும் ஒரு ஹார்ட் டிஸ்க்கும் உபரியாக அலமாரியில்.

ஒரே சந்தேகம் மீதி. அரசூர் குடோனில் பூட்டு அவ்வளவு நம்பகமில்லை, வாட்ச்மேன் பகலில்தான். பேக்கப்பை என்கிரிப்ட் செய்தே அனுப்பலாமா, செய்தால் டீடூப் (இருக்கும் துண்டைத் திரும்ப எழுதாமல் விடுவது) போய்விடுமா, சாவியை எங்கே வைப்பது?


ராக்கோழி:

செய்யுங்கள். பிராக்ஸ்மாக்ஸ் நோடிலேயே என்கிரிப்ட் ஆகித்தான் கிளம்பும், பேக்கப் சர்வர் இரண்டுக்கும் உள்ளே என்ன இருக்கிறது என்றே தெரியாது, டவரைத் தூக்கிக்கொண்டு போனாலும் பயனில்லை. ஒரே சாவியில் இருக்கும் வரை டீடூப் வேலை செய்யும். இடையில் சாவியை மாற்றினால் பழைய துண்டோடு புதியது பொருந்தாது, இடம் இரட்டிப்பாகும், ஆகவே முதல் நாளே ஆன் செய்யுங்கள். 8 டிபியில் 5 டிபி டிராயிங் போனால் மிச்சம் அதிகமில்லை, தினசரி 14, வாரம் 8, மாதம் 6 என்று தொடங்கி இடத்தைப் பார்த்துக் கூட்டுங்கள்.

சாவி நோடில்தான் இருக்கும், நோடு எரிந்தால் சாவியும் போகும், அப்புறம் எத்தனை பேக்கப் இருந்தும் திறக்க முடியாது. பேக்கப் கிளையன்ட் கமாண்டில் பேப்பர்-கீ என்று ஒரு ஆப்ஷன் இருக்கிறது, கியூஆர் கோடோடு பிரிண்ட் எடுக்கலாம். இரண்டு பிரதி எடுங்கள், ஒன்று எம்டி வீட்டு லாக்கரில், இன்னொன்று ஆடிட்டரிடம் சீல் வைத்த கவரில். ஃபைல் சர்வரில் ஒரு ஃபோல்டரில் போட்டு வைக்காதீர்கள், நிறைய பேர் அதைத்தான் செய்கிறார்கள். பிரிண்ட் எடுத்த தாளிலிருந்து சாவியைத் திரும்ப ஏற்றி ஒரு விஎம்மை ரீஸ்டோர் செய்து பார்த்துவிட்டு அப்புறம் கவரை ஒட்டுங்கள்.